சாம்பிள் வைக்காத கவர்

மந்தைவெளி, சென்னை
11 மார்ச் 2024

அன்புத் தம்பி ஷோயபுக்கு,

இந்த வருஷம் ஆர்டர் வரவில்லை. உங்கள் சீனப் புதுவருஷம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பட்டாசுச் சத்தம் அடங்கியதும் விக் ஃபேக்டரி லியு முதலாளியின் பட்டியல் உன் கடிதத்தில் வந்துவிடும்: பத்து அங்குல முடி இத்தனை கிலோ, பன்னிரண்டு இத்தனை, பதினாறு இத்தனை என்று. பதினாலு வருஷமாக அது தவறியதில்லை. இந்தத் தடவை மாசி போய்ப் பங்குனி வருகிறது, ஒரு வரி இல்லை.

போன் செய்திருப்பேன். ஆனால் ரேட்டும் ஆர்டரும் போனில் பேசக்கூடாது, சாம்பிளோடு கடிதத்தில்தான் என்பது 2011-ல் நாமே வைத்த விதி. போனில் நான் கத்துவேன். நீ ‘சரிக்கா, சரிக்கா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். பிறகு நாலு மாதம் பேச்சு இருக்காது. கடிதம் என்றால் எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறோம். அதனால்தான் இத்தனை வருஷம் ஓடியது.

இங்கே நிலைமை இது. ஷெட்டில் இருபத்தாறு பெண்கள் சிக்கெடுத்து, நீளம் பிரித்து, அலசிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே கூடை எடுத்துப் போகிறவர்கள் நாற்பது பேருக்கு மேல். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை என்று வீடு வீடாகப் போய்ப் பாத்திரமும் கிளிப்பும் கொடுத்துச் சீப்பில் வந்த முடியை வாங்கி வருகிறார்கள். நானும் அந்தக் கூடையிலிருந்து வந்தவள்தானே. வாசல் பலகையில் ‘கிலோ 2800’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் தெருவுக்கு இறங்குகிறார்கள்.

நேற்று பவுனம்மா கேட்டாள். கூடைக்காரிகளில் மூத்தவள், உனக்குத் தெரியும், நீ வந்தபோது உன் சட்டையைப் பிடித்து எலாஸ்டிக் பேண்டுக்கு விலை பேசினாளே, அவள். “இன்னாக்கா, ரேட்டு எறங்கப் போவுதாமே? அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. உண்மைய சொல்லிடு. பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன், சும்மா அலைய உடாத.”

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். இந்தப் பெண்களைச் சித்திரைக்கு மேலும் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? ரேட்டு இறங்கினால் இறங்கிற்று என்று எழுது. நான் அழமாட்டேன். பலகையை அழித்து வேறு எண் எழுதுவேன், அவ்வளவுதான்.

சாம்பிள் நூறு கிராம், பன்னிரண்டு அங்குலம், கவருக்குள் இருக்கிறது. வழக்கம்போல ஃபேக்டரியில் பாதியை வெளுத்துப் பார்த்து, அந்தக் கற்றையைத் திருப்பி அனுப்பச் சொல். மஞ்சள் கற்றை சுவரில் தொங்கினால்தான் எங்கள் பெண்களுக்கு ஆர்டர் வந்த நம்பிக்கை வரும்.

உன் அம்மாவை ராயப்பேட்டையில் போய்ப் பார்த்தேன். மூட்டு வலிதான். வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

உன் அக்கா
ஜானகி


குவாங்சோ
3 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜானகி அக்காவுக்கு,

நோன்பு நேரத்தில் எழுதுகிறேன். துவா செய்யும்போது உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள், பொறாமைப்படுவார்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். லியு முதலாளி பட்டியலை மெதுவாகப் போட்டார். ரேட்டு பழைய ரேட்டுதான், கிலோ நாலாயிரத்து இருநூறு. இந்த மாதம் நூறு கிலோ அனுப்புங்கள். பணம் வழக்கம்போல இரண்டு வாரத்தில் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். வெளுத்த கற்றை இத்துடன் இருக்கிறது. சுவரில் மாட்டிவிடுங்கள். பெண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் மந்தம்தான், மறைக்கமாட்டேன். என் ஜன்னலிலிருந்து மூன்று கிரேன்கள் தெரியும். டிசம்பரிலிருந்து மூன்றும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, குளத்தில் கொக்கு நிற்குமே அப்படி. கட்டடம் நின்றால் சிமெண்டுக்காரன் அழுவான், கம்பிக்காரன் அழுவான். முடிக்கு என்ன வந்தது அக்கா? பெண்கள் அலங்கரித்துக்கொள்வதை நிறுத்துவார்களா?

ஒரே ஒரு குறை. போன கடிதத்தில் என் மகள் ரூஹியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது வயசு ஆகிவிட்டது. உங்களைப் போலவே எதற்கும் பேரம் பேசுகிறாள்.

உங்கள் தம்பி
ஷோயப்


மந்தைவெளி
20 ஜூன் 2024

அன்புத் தம்பி ஷோயபுக்கு,

ஏப்ரலில் நூறு, மே மாதம் நூறு, இந்த மாதம் நூற்றிருபது அனுப்பிவிட்டேன். பணமும் தேதி தவறாமல் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டதென்னவோ உண்மை.

காரணம் சொல்கிறேன். தி.நகரில் ராம்குமாரைத் தெரியும் அல்லவா? நம்மைவிட மூன்று பங்கு பெரிய முடி வியாபாரி. அவருடைய பலகையில் ரேட்டு ஆயிரத்து முன்னூறு. புதுவண்ணாரப்பேட்டைக்காரர்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். போன வாரம் பாண்டி பஜாரில் எதிரே வந்தவர், எல்லார் முன்னாலும் கேட்டார்: “ஏன் ஜானகிம்மா, எங்களுக்கெல்லாம் ஒரு சைனா, உங்களுக்கு மட்டும் தனியா இன்னொரு சைனாவா? அங்க போக வழி சொல்லுங்க, நாங்களும் வர்றோம்.”

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

ஊர் முழுக்க ரேட்டு விழுந்து, என் பலகையில் மட்டும் 2800 நின்றால் என்ன ஆகும்? எல்லாக் கூடையும் என் வாசலுக்கு வரும். வந்துவிட்டது. சைதாப்பேட்டை, அசோக் நகர், அதற்கு அப்பால் என்று முகம் தெரியாத பெண்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். மாதம் நூற்றிருபது கிலோ வாங்கினவள், இந்த மாதம் முன்னூறைத் தொடுவேன். பலகையில் ரேட்டு எழுதியிருக்கும்வரை கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் சட்டம். ஒருத்தியைத் திருப்பினால் மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள். ராக்கில் இடம் இல்லாமல் பக்கத்து ஷெட்டைப் பதினொரு மாத அட்வான்ஸ் கொடுத்து எடுக்கப்போகிறேன்.

இன்னொன்று. பவுனம்மாவுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வேலை கிடைத்தது, பெருக்கித் துடைக்க, மாதச் சம்பளம். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். என்னிடம் வந்து, “நீ சொல்லுக்கா, போவட்டா இருக்கட்டா?” என்றாள். ரேட்டு நிற்கிறது, இரு என்றேன். அவளோடு சேர்ந்து ஆறு பேர் அந்த வேலையை விட்டுவிட்டார்கள்.

அதனால் நேராகக் கேட்கிறேன். ரேட்டை இறக்கட்டுமா? லியு இவ்வளவு சரக்கையும் எடுப்பாரா? எடுக்கமாட்டார் என்றால் இன்றைக்கே சொல். இன்றைக்கு நிறுத்தினால் எனக்கு அடி, அவ்வளவுதான். தை மாதம் நிறுத்தினால் நான் இருக்கமாட்டேன்.

சாம்பிள் இருக்கிறது. பாதியை வெளுத்து அனுப்பச் சொல். மறக்காதே.

ரூஹிக்குப் பேரம் பேச வந்தால் பிழைத்துக்கொள்வாள். கணக்கும் வரட்டும்.

உன் அக்கா
ஜானகி


குவாங்சோ
9 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

இறக்க வேண்டாம்.

ராம்குமார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவருடைய ஃபேக்டரி வேறு, நம் லியு வேறு. ஆகஸ்டுக்குள் இருநூறு கிலோ அனுப்புங்கள். மிச்சத்தை வைத்திருங்கள். தீபாவளிக்கு முன் மொத்தமாக எடுத்துக்கொள்வார். வெளுத்த கற்றை இத்துடன்.

மஹ்விஷும் ரூஹியும் இந்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறார்கள். அம்மாவுக்குத் துணை வேண்டும். ரூஹியை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறோம். தமிழ் எழுதப் படிக்க வரட்டும். நான் இங்கே சின்ன இடத்துக்கு மாறிக்கொள்வேன். வேலைக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது. நீங்களே எத்தனை தடவை தொப்பையைச் சொல்லித் திட்டியிருக்கிறீர்கள்!

தம்பி
ஷோயப்


மந்தைவெளி
16 செப்டம்பர் 2024

ஷோயப்,

ஜூன் மாதம் அனுப்பிய சாம்பிளில் மருதாணி முடியைக் கலந்து வைத்தேன். வேண்டுமென்றே செய்தேன். திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு வீட்டில் தலைக்கு வருஷக்கணக்காக மருதாணி போடுகிற அம்மாவின் முடி. கண்ணுக்கு நன்றாகக் கறுத்திருக்கும். வெளுக்கப் போட்டால்தான் தெரியும். எத்தனை முறை முக்கி எடுத்தாலும் மஞ்சளாகாது, செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். லியுவின் ஆட்கள் அதைப் பார்த்திருந்தால் ‘என்ன சரக்கு இது’ என்று சாம்பிளை மூஞ்சியில் எறிந்திருப்பார்கள். எறிய வேண்டும் என்றுதான் வைத்தேன். ஃபேக்டரி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இல்லை.

நீ அனுப்பிய கற்றை ஒரே சீராக வைக்கோல் நிறத்தில் வந்தது.

அது என் ஜூன் சாம்பிள் இல்லை. சுவரில் பழைய கற்றைகளோடு வைத்து ஒப்பிட்டேன். முனையில் பச்சை நூல் முடிச்சு. போன வருஷம் பச்சை நூல்தான் கட்டினோம். இந்த வருஷம் சிவப்பு. என்றைக்கோ வெளுத்ததை எடுத்து அனுப்பியிருக்கிறாய்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், என் குற்றத்தை நான் மறைப்பதில்லை. ஜூலைக் கடைசியில் கற்றை வந்தபோது, உள்ளே ஏதோ அடித்தது. ஆனால் ஆகஸ்டுப் பணம் வந்துவிட்டது. பணம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் புத்தி எனக்கும் உண்டு. ஒன்றரை மாதம் மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராயப்பேட்டைக்குப் போனேன். மஹ்விஷ் டீ போட உள்ளே போனாள். கழுத்தில் கருகமணி மட்டும்தான், தங்கம் இல்லை. ரூஹி என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “அத்தே, இங்க படுக்க நல்லா எடம் இருக்கு. அங்க எங்க வீட்ல ஹால் ஃபுல்லா முடி மூட்டைதான். அப்பா மூட்டை மேலேயே தூங்குவாரு. எனக்கு ராத்திரி பயமா இருக்கும், யாரோ உக்காந்திருக்கிற மாதிரி.”

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்று காலை பலகையை அழித்துவிட்டேன். எண் எழுதவில்லை. உள்ளே தொள்ளாயிரத்து நாற்பது கிலோ கிடக்கிறது.

என்ன நடந்தது என்று முழுதாக எழுது. பாதி உண்மை வேண்டாம்.

ஜானகி


குவாங்சோ
7 அக்டோபர் 2024

அக்கா,

முழுதாக எழுதுகிறேன்.

லியுவின் ஃபேக்டரி பிப்ரவரியிலேயே மூடிவிட்டது. புதுவருஷ விடுமுறைக்கு ஊருக்குப் போன நானூறு பெண்களையும் திரும்ப வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விவரம் கேட்க ரயிலில் நாலு மணி நேரம் போனேன். கேட்டில் பூட்டு. உள்ளே வெளுக்கிற தொட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளுத்த கற்றைகள் ஒரு பெட்டி நிறைய வாசலில் கிடந்தன. காவல்காரரிடம் கேட்டு எடுத்து வந்தேன். அதிலிருந்துதான் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

லியு கெட்டவர் இல்லை. முடியில் சம்பாதித்ததையெல்லாம் ஃப்ளாட்டில் போட்டார். இங்கே எல்லாரும் அப்படித்தான். மூன்று டவரில் பதினோரு ஃப்ளாட்டுக்கு முழுப்பணம் கட்டியிருந்தார். டவர் நிற்கிறது, ஜன்னல் இல்லை, கட்டினவன் இல்லை. அந்த ஃப்ளாட்டுகளை நம்பிக் கடன் கொடுத்த பேங்க் கடனை நிறுத்திவிட்டது. வீட்டின் விலை விழுந்ததும் வாங்குகிறவர்கள் கையும் சுருங்கிவிட்டது. சவுரியும் விக்கும் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது காய்கறிக்குப் பேரம் பேசுகிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பத்து ஃபேக்டரி அடித்துக்கொள்கின்றன. லியு இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு போனார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

உங்களுக்கு அனுப்பிய பணம் என்னுடையது. கேளம்பாக்கத்தில் வாங்கிப்போட்ட மனை, மஹ்விஷின் நகை, இங்கே இருந்த சேமிப்பு. ஐந்நூற்றிருபது கிலோவும் என் வீட்டில்தான் இருந்தது. இப்போது நண்பர் ஒருவரின் கார் ஷெட்டில் இருக்கிறது. வாங்க ஆள் இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். 2009 ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் பேங்குகள் விழுந்து இங்கே யாரும் யாருக்கும் சரக்குக் கொடுக்காத நேரம். நான் புது ஏஜெண்டு. ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டேன். நீங்கள் அறுபது கிலோ அனுப்பி, ‘வித்தால் கொடு, விக்காட்டி விடு’ என்று ஒரு சீட்டு வைத்திருந்தீர்கள். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. உங்கள் பலகையை அழிக்கச் சொல்லும் கை என் கையாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். வசந்தத்துக்குப் பிறகு என்றார்கள். பிறகு, அரசாங்கம் பணம் இறக்கும் என்றார்கள். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தை நம்பினேன்.

என்னைத் திட்டுங்கள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

ஷோயப்


மந்தைவெளி
18 டிசம்பர் 2024

ஷோயப்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கோபம் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கவில்லை. கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எனக்குப் பணம் கொடுத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆமாம், கொடுத்தாய். இருபத்தோரு லட்சத்துக்கு மேல் வந்தது. அது அத்தனையும் முடியாகத் திரும்ப என் ஷெட்டுக்குள்தான் போனது, என் சேமிப்பையும் இழுத்துக்கொண்டு. உன் மனை, உன் பெண்டாட்டி நகை, என் பதினெட்டு வருஷம் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிறது. நீ என்னிடமிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று. என் மார்ச் மாதம். மார்ச்சில் ராம்குமார் பலகையை அழித்து எழுதினார். புதுவண்ணாரப்பேட்டைக்காரர்கள் அழித்தார்கள். அவர்களுக்கு அடி பட்டது, நொண்டிக்கொண்டாவது நடக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் நானும் அழித்திருப்பேன். கையிருப்பு நூறு கிலோ. போனால் போகட்டும் என்று பாத்திரக் கடையோ பழக்கடையோ வைத்திருப்பேன். நான் எங்கேயிருந்து வந்தவள் என்று உனக்குத் தெரியாதா? நஷ்டத்துக்குப் பயப்படுகிறவள் என்று யார் சொன்னது?

2009-ஐச் சொல்கிறாய். அன்றைக்கு ரேட்டு இல்லை என்று சொல்லித்தான் சரக்கைக் கொடுத்தேன். ‘விக்காட்டி விடு’ என்று எழுதித்தான் கொடுத்தேன். இருட்டு என்று சொல்லி உன் கையைப் பிடித்தேன். நீ என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையைப் பிடித்தாய்.

வியாபாரிக்கு ரேட்டு என்பதுதான் சேதி. எங்கோ சீனாவில் ஒருத்தன் ஜன்னல் இல்லாத வீட்டுக்குப் பணம் கட்டி மாட்டிக்கொண்டான் என்பது மந்தைவெளியில் எனக்கு எப்படித் தெரியும்? ரேட்டு இறங்கினால் தெரியும். அந்த ஒரு சேதியையும் நீ வழியில் நிறுத்திவைத்தாய், நல்ல மனசோடு.

கார்த்திகை மழை தெரியுமே. ராக் கொள்ளும் அளவுக்குத்தான் எப்போதும் வாங்குவேன். இந்தத் தடவை தரையெல்லாம் மூட்டை. புது ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் வடியவில்லை. கீழ் வரிசை முழுக்கப் பூசணம் பிடித்துக் கட்டி தட்டிவிட்டது. மேல் வரிசைக்கும் அந்த வாடை ஏறிவிட்டது. ராம்குமாரைக் கூட்டிவந்து காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, மரியாதை தெரிந்தவர். “சும்மா குடுத்தாலும் வைக்க எடம் இல்லம்மா” என்றார். தனியாக ஒரு சைனா இருக்கிறதா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இருபத்தாறு பேரையும் அனுப்பிவிட்டேன். பவுனம்மா அந்த அபார்ட்மெண்டுக்குப் போய்க் கேட்டாளாம், ஆள் போட்டாயிற்று என்றார்களாம். பாத்திரக் கூடையோடு இன்னும் வந்து ஷெட் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மாற்றிக் கொடுக்க வாங்கிய பாத்திரம், இனி பழைய இரும்புக் கடைக்குத்தான். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “முடி கொட்றது நிக்கலக்கா. வாங்கறதுதான் நின்னுபோச்சு” என்றாள். அதைவிட, ‘நீ சொன்னதால்தானே இருந்தேன்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை அவள் கேட்காதவரை எனக்குப் பதில் சொல்லவும் வழி இல்லை.

பொன்ராஜ் என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். உர வியாபாரத்துக்காரர். முடியைக் கரைத்துச் சத்து எடுத்து உரத்தில் சேர்க்கிறார்களாம். நீளம் பார்க்கமாட்டார், நிறம் பார்க்கமாட்டார். “ஈரமா இருந்தாலும் பரவால்ல தாயி, எடையில கழிச்சிக்கிடுதேன்” என்றார்.

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிற சேதி.

ஜானகி


குவாங்சோ
6 ஜனவரி 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை.

பொன்ராஜுக்குக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதம் இருபத்தொன்பது இங்கே புதுவருஷம். அதற்குப் பிறகு இரண்டு ஃபேக்டரிகள் திறக்கும் என்று பேச்சு இருக்கிறது. நிச்சயம் இல்லை. பேச்சு இருக்கிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் டிக்கெட் எடுத்து வருகிறேன். நல்ல முடியை நானே உட்கார்ந்து பிரிக்கிறேன். என் கார் ஷெட் சரக்கையும் உங்களுடையதையும் சேர்த்து எப்படியாவது விற்றுத் தருகிறேன். வருகிற பணம் முழுக்க உங்களுக்கும் பெண்களுக்கும்.

ஒரு சாம்பிள் அனுப்புங்கள் அக்கா. பத்து கிராம் போதும். அதை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறி இறங்குகிறேன். சாம்பிள் வந்தால், நீங்கள் இன்னும் என்னோடு பேசுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள் தம்பி
ஷோயப்


மந்தைவெளி, சென்னை
27 ஜனவரி 2025

ஷோயப் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பயணம் வர வேண்டிய அவசியம் இல்லை. தங்கள் அம்மா நலமாக இருப்பதாக மஹ்விஷ் சொன்னார். ரூஹி அரையாண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள்.

இரண்டு ஷெட்டையும் காலி செய்து இன்று சாவி கொடுத்துவிட்டேன். பலகையைப் பவுனம்மா கேட்டாள், கொடுத்துவிட்டேன். பேத்தி எழுதிப் பழகுவாளாம்.

இந்தக் கவரில் சாம்பிள் இல்லை.

சரக்கு வெள்ளிக்கிழமை ஏறியது. சுவரில் இருந்த மஞ்சள் கற்றைகளைக் காட்டி, “இதுவும் சேருமா தாயி?” என்று பொன்ராஜ் கேட்டார். சேரும் என்றேன். அது மட்டும் இரண்டு கிலோ வந்தது. தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விவரம் எழுதுகிறேன்: மொத்த எடை 942 கிலோ. கிலோ நாற்பத்திரண்டு ரூபாய். ஈரத்துக்குக் கழிவு இல்லை என்று பேசி முடித்தேன். லாரி அவருடையது, ஏற்றுக்கூலி நம்முடையது. சாக்கு திரும்ப வராது. ரொக்கம்.

கோ. ஜானகி